எடைக்காரர் பார்த்த மின்சாரக் கார்

சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் செல்லத்துரை இரண்டு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டுகிறார். தராசின் சிவப்பு எண்கள் ஆடி நிற்கும்வரை கைகள் அப்படியே இருக்கும். எண்ணை அவர் வாசிப்பதில்லை. தேயிலைக் கொழுந்து கொண்டுவந்த பெண்தான் உரக்க வாசிக்க வேண்டும். “இருபத்தொண்ணு அறுநூறு” என்று அவள் சொன்ன பிறகுதான் கைகள் இறங்கும். எங்கள் தோட்டத்து டிவிஷனில் எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எண் படித்தது இந்தத் தராசில்தான்.

அவருக்கு முன்னால் இருந்த எடைக்காரர் எடை குறைவாகக் காட்டும்படி சாக்கின் அடியில் ஒரு விரல் கொடுத்துத் தூக்குவார் என்று பெண்களிடம் பேச்சு இருந்தது. உண்மையா என்று தெரியாது, யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் செல்லத்துரை அந்த இடத்துக்கு வந்த முதல் நாளிலேயே கைகளைத் தூக்கிவிட்டார். பத்தொன்பது வருடங்களாக ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு சாக்குக்கும் தூக்குகிறார். இப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. லயம் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில் அவருடையது நான்காவது, எங்களுடையது ஐந்தாவது. நேரில் மாமா என்று கூப்பிடுகிறவரை இங்கே பெயர் சொல்லி எழுதுகிறேன்.

அவருடைய தொழிலில் நிறுப்பதைவிடக் கஷ்டமானது குறைப்பது. சாக்கின் எடையைக் குறைக்க வேண்டும். மழை நாளில் இலையோடு வரும் தண்ணீரின் எடையைக் குறைக்க வேண்டும். ஒரு பிடி கொழுந்தை எடுத்து அழுத்துவார். விரலிடுக்கில் வரும் தண்ணீரைப் பார்த்து நூற்றுக்கு ஐந்து என்றோ எட்டு என்றோ சொல்வார். இந்தக் குறைப்புக்குக் கழிவு என்று பெயர். கழிவைக் கூட்டிப் போட்டால் பெண்கள் விடமாட்டார்கள். குறைத்துப் போட்டால் ஃபாக்டரியில் இறக்கும்போது எடை இடிக்கும், அங்கே கேள்வி வரும். இரண்டு பக்கமும் திட்டு வாங்காத எடைக்காரர் இந்த மலையில் இவர் ஒருவர்தான் என்று என் அம்மாவே சொல்கிறார். அம்மா அவ்வளவு எளிதில் யாரையும் நல்லவிதமாகச் சொல்லமாட்டார்.

அந்தப் பழக்கம் கொழுந்தோடு நிற்கவில்லை. மேலதிகாரி நாளைக்கு வருகிறார் என்றால், “ரெண்டு நாள் கழிவு போடு” என்பார். கல்யாணப் பத்திரிகையில் போட்டிருக்கும் நேரத்துக்கும் ஒரு மணி நேரக் கழிவு உண்டு. மனிதர்களையும் கண்ணாலேயே நிறுப்பார். என்னை ஒருநாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஐம்பத்திரண்டு என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, செருப்புக்கு அரைக் கிலோ குறைத்தார்.

இப்படிப்பட்டவர் போன வைகாசியிலிருந்து ஒரு பழைய மின்சாரக் காரை நிறுத்துக்கொண்டிருந்தார்.

காரணம் மகள் சிவசங்கரி. மலைக்குக் கீழே, முண்டக்கயம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. எங்கள் தோட்டத்திலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டர் தோட்டத்து மண் ரோடு, பிறகு குட்டிக்கானத்திலிருந்து ஒரே இறக்கம். முன்பு ஒன்பது மணிக்குப் போனால் போதும். சித்திரையில் முறையை மாற்றிவிட்டார்கள். ஏழு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும், முடியாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்துக்கு முதல் பஸ் வருவதே ஆறு பத்துக்கு. அது சுற்றிக்கொண்டு கீழே போய்ச் சேர ஏழே முக்கால் ஆகிவிடும். விடியாத நேரத்தில் பெரிய ரோடு வரைக்கும் நடக்கலாம் என்றால் அந்த வழியில் காட்டெருமை நிற்கும். ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தாள். மூன்றாம் நாளே மூடுபனியில் ஒரு வளைவில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஹாஸ்டல் எடுத்துத் தங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், ஞாயிறு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு இரண்டரை வயதில் நகுலன் என்று ஒரு பையன். கணவர் லோகேஷ் மூணாறில் ஒரு ரிசார்ட் சமையலறையில் இருக்கிறார், மாதம் இரண்டு தடவை வருவார். பையனை வளர்ப்பது செல்லத்துரையின் மனைவி கற்பகம். பகலில் தோட்டத்துப் பிள்ளைக்காப்பகத்தில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போவார். ஆனி மாதம் ஆவதற்குள் பையன் கற்பகத்தை அம்மா என்றும், பெற்றவளை ஆஸ்பத்திரிம்மா என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். முதல் தடவை கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். சிவசங்கரியும் சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறும்போது, கொழுந்து லாரிக்குக் கை காட்டுகிற மாதிரி அவளுக்கும் கை காட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பழைய பெட்ரோல் கார் வாங்கினால் போக வர ஐம்பத்திரண்டு கிலோமீட்டருக்கு அவள் சம்பளத்தில் பாதி எரிந்துவிடும். ஆகவே லோகேஷ் மின்சாரக் காரைச் சொன்னார். ஆறு வருடம் ஓடிய சின்னக் கார், வெள்ளை நிறம், புதுக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே. விற்பவர் டிஜோ, பழைய வண்டிகளை வாங்கி விற்கும் மலையாளி இளைஞர், வீடு கீழே மலையடிவாரத்தில். விலையில் பெரும்பங்கு செல்லத்துரை சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து வர வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெறும் அன்று லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கென்று கம்பம் பக்கம் மூன்று சென்ட் நிலம் வாங்க வைத்திருந்த பணம் அது. கார் ஏமாற்றிவிட்டால் நிலமும் போகும், மகளின் வேலையும் போகும். இது தெரிந்ததால்தான் அவர் அவசரப்படவில்லை.

டிஜோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எங்கள் லயத்து வாசலுக்கே கொண்டுவந்தார். செல்லத்துரை முதலில் காரைச் சுற்றி வந்தார். பிறகு சீட்டுக்கு அடியில் தலையை விட்டு மோந்து பார்த்தார். வெள்ளத்தில் கிடந்த வண்டியாக இருந்தால் சேற்று வாடை போகாதாம். ஃபாக்டரியில் வாடப் போட்ட இலையை மோந்து பார்த்தே பதம் சொல்கிறவர்களோடு பழகிய மூக்கு அது. வாடை இல்லை. டிஜோ ஒரு காகிதத்தைக் காட்டினார். புதிதாக இருந்தபோது பாட்டரிக்கு நூறு பங்கு வலு என்றால் இப்போது எழுபத்தெட்டு என்று அதில் இருந்தது. கம்பெனி பொறுப்பு, அதாவது வாரண்டி, இன்னும் இரண்டு வருடம். செல்லத்துரை காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“இருபத்திரண்டு கழிவு சாக்குலயே போயிருச்சு. இனிமேதான் கொழுந்தைப் பாக்கணும்.”

சிவசங்கரிக்கு லைசென்ஸ் உண்டு. ஆனாலும் அன்றைக்கு டிஜோதான் ஓட்டினார். கிளம்பும்போது காரின் திரையில் எழுபத்தொன்று என்று காட்டியது. இருக்கிற கரண்டு அவ்வளவு என்று அர்த்தம். இருபத்தாறு கிலோமீட்டர் இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எழுபத்து நான்கு காட்டியது. குறையவில்லை, கூடியிருந்தது. இறக்கத்தில் சக்கரம் சுழலும் வேகத்தில் கரண்டு திரும்பிப் பாட்டரிக்குள் ஏறும், அதே பிடியில் வண்டியும் பிரேக் மிதிக்காமலே மெதுவாக இறங்கும் என்று டிஜோ விளக்கினார். செல்லத்துரை கேட்டுக்கொண்டார். சரி, இப்போது மேலே போகலாம் என்றார். டிஜோவுக்கு வேறு ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவையும் மகளையும் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் செய்தி டிவிஷன் முழுக்கப் பரவிவிட்டது. தோட்டத்தில் ட்ரிப் ஜீப் ஓட்டும் ஜெகன், செல்லத்துரை வாங்கப்போகும் காருக்குக் கரண்டே வேண்டாம், ஓட ஓடப் பால் சுரக்கிற மாதிரி சுரக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்களும் எடைச் சாவடியில் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். செல்லத்துரை கையைத் தூக்கியபடியே சொன்னார்:

“அது காலை எடை. நனைஞ்ச கொழுந்து எடை காட்டத்தான் செய்யும். சாயங்கால எடையை இன்னும் போடலையே.”

இரண்டாவது தடவை அவர் நிபந்தனை போட்டார். மழை பெய்ய வேண்டும். நான்கு பேர் ஏற வேண்டும். இறங்கினால் மட்டும் போதாது, ஏறவும் வேண்டும். ஓட்டப்போகிறவள்தான் ஓட்ட வேண்டும். ஆடி மாதத்து மழைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஞாயிறு காலையில் டிஜோ வந்தார். சிவசங்கரி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் டிஜோ. பின்னால் செல்லத்துரையும் கற்பகமும், கற்பகத்தின் காலடியில் இருபது கிலோ அரிசி மூட்டையும். ஜெகன் ஜீப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, எதுக்கு இம்புட்டுப் பாடு? காரைக் கொக்கியில மாட்டி ஒரு தடவை தொங்கவிட்டுப் பாத்துட வேண்டியதுதானே.”

“ஒன்னைய மாட்டிப் பாத்தேன்ல, அன்னைக்கே கொக்கி வளஞ்சு போச்சு” என்றார் செல்லத்துரை. ஜெகன் நல்ல பருமன்.

போன தடவை மாதிரி யாருக்கும் சந்தேகம் மிஞ்சக் கூடாது என்று டிஜோ நினைத்திருக்க வேண்டும். குட்டிக்கானத்தில் ஒரு சார்ஜ் போடும் இடத்தில் காரைச் செருகிவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, நூறு ஆகும்வரை காத்திருந்தார். நூறு ஆனதும் இறங்கினார்கள்.

இரண்டாவது வளைவிலேயே சிவசங்கரிக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு டிஜோ ஓட்டியபோது தானாகப் பிடித்துக்கொண்டு இறங்கிய வண்டி, இன்றைக்குக் கையை விட்டுவிட்ட மாதிரி ஓடியது. அவள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினாள். ஐந்தாறு வளைவு தாண்டியதும் கற்பகம் முகத்தைச் சுளித்து, ஏதோ கருகுது என்றார். ஓரமாக நிறுத்தினார்கள். செல்லத்துரை மழையில் இறங்கி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொடாமல் கையை மட்டும் அருகில் வைத்துப் பார்த்தார். சூடு அடித்தது. டிஜோ பிரேக் கட்டை பழசாகியிருக்கும், மாற்றிக் கொடுக்கிறேன் என்றார். செல்லத்துரை எழுந்திருக்கவில்லை. குத்துக்காலிட்டபடியே கேட்டார்:

“தம்பி, அன்னைக்குக் கெளம்பயில எழுபத்தொண்ணு. இன்னைக்கு எம்புட்டு?”

“நூறு, சேட்டா.”

“நெறஞ்ச சாக்குல மேக்கொண்டு எங்கிட்டுக் கொழுந்தை அமுக்க?”

டிஜோவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்தார். மெக்கானிக் அதையேதான் சொன்னார். பாட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் கரண்டுக்கு உள்ளே இடம் இருக்காது. இடம் இல்லையென்றால் அந்தப் பிடியும் இருக்காது. அதனால் நிறையச் சார்ஜ் போட்டுக்கொண்டு நெடிய இறக்கத்தில் இறங்கக் கூடாது. டிஜோ போனை வைத்துவிட்டு நனைந்தபடி நின்றார்.

“எனக்கு அது அறியில்லாருந்து, சேட்டா. எங்க வீடு கீழ இல்லியா. நான் எப்பவும் தாழே சார்ஜ் போட்டு மேலே ஏறுறதுதான்.”

அது தெரியாது என்று அவர் சொன்னது பொய் இல்லை என்று செல்லத்துரை நம்பினார். கீழே குடியிருப்பவனுக்கு இந்தத் தப்பு செய்ய வாய்ப்பே வராது. மேலே குடியிருக்கும் நாங்கள்தான் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, குடம் நிறைந்த திருப்தியோடு காலையில் இறக்கத்தில் காரை விடுவோம்.

சக்கரம் ஆறும்வரை காத்திருந்து, மெதுவாகக் கீழே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து திரும்பினார்கள். கீழேயும் எண் நூறுதான் காட்டியது. நான்கு பேர், அரிசி மூட்டை, மழை, முன்விளக்கு, வைப்பர் எல்லாவற்றோடும் லயத்து வாசலில் வந்து நின்றபோது நாற்பத்தொன்பது. ஏறுவதற்கு மட்டும் ஐம்பத்தொன்று போயிருந்தது. அதைத்தான் சாயங்கால எடை என்றார் செல்லத்துரை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவர் போட்ட கணக்கு சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது. லயத்துச் சுவரில் எதுவும் நிற்காது. நூறு போடக் கூடாது, எண்பதில் கிளம்ப வேண்டும். கீழே போனால் மூன்று ஏறும், ஒன்றைக் கழித்து எண்பத்திரண்டு. ஏற ஐம்பத்தொன்று. மிச்சம் முப்பத்தொன்று. அதில் கழிவு: லயத்துக்கு வரும் கரண்டு இளைத்தது, ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டால் மற்ற வீடுகளில் விளக்கு மங்கும், என்றைக்கும் எண்பது ஏறும் என்று சொல்ல முடியாது, பத்து. மண் சரிந்து ரோடு அடைத்தால் சுற்றிக்கொண்டு வர வேண்டும், பதினைந்து. பாட்டரிக்கு வயது ஏறும், எட்டு. மொத்தம் முப்பத்து மூன்று. முப்பத்தொன்றில் முப்பத்து மூன்று போகாது.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. “தாங்காது” என்றார். சிவசங்கரி எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த பையனின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் லீவு சொல்லியிருந்தும் காலை ஆறு பத்து பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

அந்த வாரம் செல்லத்துரை சாவடியில் வழக்கம்போல் நிறுத்தார். யாரும் காரைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், சாக்கு தராசில் ஆடி நின்று எண் வாசிக்கப்பட்ட பிறகும் செல்லத்துரையின் கைகள் இறங்கவில்லை. வரிசையில் அடுத்து நின்ற பெண் அவரைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

சிவசங்கரி அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

“அப்பா, நாம மேலயே நெறைக்கணும்னு ஏன் நெனைக்கணும்? டிஜோ சேட்டன் மாதிரி கீழ நெறைப்போம்.”

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர்கள் ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகையில் ஒரு பெரிய பிளக் இருக்கிறதாம். மாதம் ஒரு தொகை பிடித்துக்கொண்டு அதில் போட்டுக்கொள்ள அனுவாதம் வாங்கியிருந்தாள். அனுமதியை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கீழே நூறு. ஏறி வந்தால் நாற்பத்தொன்பது. ராத்திரி லயத்தில் சார்ஜே வேண்டாம். காலையில் நாற்பத்தொன்பதில் இறங்கினால் பாட்டரியில் இடம் இருக்கும், பிடியும் இருக்கும். கீழே போய் மறுபடி நூறு.

செல்லத்துரை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கேள்விகள் வந்தன. அனுவாதம் வாய்ச்சொல்லா, எழுத்தா? எழுத்து. அந்த பிளக்கில் வேறு யார் போடுவார்கள்? ஒரு டாக்டர் இருக்கிறார், மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். கரண்டு போனால் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் வருமா? வராது. எவ்வளவு நேரத்தில் நிறையும்? நாலு மணி நேரம் என்று டிஜோ சொன்னார்.

“அவன் சொன்னது இருக்கட்டும். நான் பாக்கேன்.”

பார்ப்பது என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்பது அடுத்த செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அவர் லீவு எழுதிக் கொடுத்தார். மகள் பிறந்ததற்குப் பிறகு அவர் மழைக்காலத்தில் லீவு போட்டது அன்றைக்குத்தான். டிஜோ முதல் நாள் சாயங்காலமே சிவசங்கரியையும் ஏற்றிக்கொண்டு காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். பிரேக் கட்டையை மாற்றியிருந்தார். காலை ஐந்தே முக்காலுக்கு அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். நாற்பத்தொன்பதில் இறங்கியது கார். பிடித்துக்கொண்டு இறங்கியது. ஆறு ஐம்பதுக்குக் கொட்டகையில் ஐம்பத்திரண்டு. சிவசங்கரி கையெழுத்துப் போட உள்ளே போனாள். செல்லத்துரை கொட்டகையில் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காருக்கு எதிரே உட்கார்ந்தார்.

பதினொன்றேகாலுக்கு நூறு ஆகிவிட்டது. நடுவில் நாற்பது நிமிடம் கரண்டு போயிற்று, அதையும் சேர்த்துத்தான். அத்தோடு எழுந்து கான்டீனுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. மூன்று மணிக்கு மகளின் வேலை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். நிறைந்த பிறகு எண் தானாகக் குறைகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று பிறகு என்னிடம் கேட்டார். வாட்ச்மேன் ஆசீர்வாதம் நான்கு தடவை வந்து, உள்ளே யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தாராம். நான்காவது தடவை செல்லத்துரை காரைக் காட்டி, “இதுக்குத்தான்” என்றாராம். ஆசீர்வாதம் அதன் பிறகு அவருக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

நாலேகாலுக்குக் கார் மேலே வந்தது. அது சாயங்கால எடை நேரம். செல்லத்துரைக்குப் பதிலாக அன்றைக்குச் சூப்பர்வைசர் நிறுத்துக்கொண்டிருந்தார். சாவடிக்கு முன்னால், ரோட்டோரத்தில் சிவசங்கரி காரை நிறுத்தினாள். டிஜோ அங்கே ஏற்கெனவே காத்திருந்தார். கையில் விற்பனைக் காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் உறை. முண்டக்கயத்தில் வேறு ஒருவர் கேட்கிறார், இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். கற்பகம் இடுப்பில் பையனோடு வந்தார். வரிசையில் நின்ற பெண்கள் சாக்குகளைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்லத்துரை இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தார். கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைக்கு வண்டியில் இரண்டே பேர், மழையும் இல்லை, அதனால் ஐம்பத்தைந்து மிச்சம். அதில் ஆறு கழி, மழை நாளுக்கு நாற்பத்தொன்பது என்றே வைத்துக்கொள். ரோடு அடைத்தால் பதினைந்து. பாட்டரிக்கு வயது ஏறுவதற்கு எட்டு, இரண்டு வருடம் போனால் இன்னும் எட்டு. எல்லாம் போக மிச்சம் பதினெட்டு. கம்பெனி பொறுப்பு முடிந்த பிறகு பாட்டரி படுத்தால் புதுசுக்குக் காரின் விலையே ஆகும், அதைக் கழிக்க இந்தத் தராசில் இடமில்லை. ஆஸ்பத்திரியில் மேலாளர் மாறினால் அனுவாதம் போகலாம், அதற்கும் எண் கிடையாது. கீழே பகல் முழுக்கக் கரண்டு இல்லையென்றால் ஐம்பத்திரண்டை வைத்துக்கொண்டு மலையேறக் கூடாது.

“அன்னைக்கு ஹாஸ்டல் பிள்ளைக கூடப் படுத்துக்கிடுதேன்” என்றாள் சிவசங்கரி. “வருசத்துல நாலு நாளு. இப்ப வாரத்துல ஆறு நாளு படுக்கேன்.”

டிஜோ உறையைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கற்பகம் கணவரின் முகத்தையே பார்த்தார். சூப்பர்வைசர் தராசை விட்டுவிட்டு வந்து நின்றார். பையன் காருக்குள் எட்டிப் பார்த்து, முன்னால் ஒளிர்ந்த எண்களைத் தொட வேண்டும் என்று கையை நீட்டினான். சிவசங்கரி அவனை ஜன்னல் வழியாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் இருந்த ஹாஸ்டல் பையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். கற்பகம் வாங்கிக்கொண்டார். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“இன்னும் கழிக்க ஏதாச்சும் இருக்கா, அப்பா?”

செல்லத்துரை கதவின் மேலிருந்த தன் கையைப் பார்த்தார். அதை எடுத்தார். ஓரடி பின்னால் நகர்ந்து நின்று, இரண்டு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கைகளை விரித்து மகளுக்குக் காட்டினார்.